அடுப்படியும் சங்கத்து விஷயம்தான்

(தோட்டக் கமிட்டிகளின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

நமக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். துணி துவைக்க வேண்டும், விறகு தேட வேண்டும், டவுனுக்குப் போய் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்று பேச எடுத்திருப்பது நம் வீட்டு விறகு அடுப்பு.

இந்தத் தலைப்பைக் கமிட்டியில் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். "அடுப்பைப் பற்றிப் பேச ஒரு சங்கக் கூட்டமா? அது வீட்டுப் பொம்பளைகள் பாடு" என்றார்கள். போன மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் நடந்ததைச் சொல்கிறோம். கேட்ட பிறகு அது யார் பாடு என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அன்று மலையிலிருந்து இறங்கி வந்து எல்லா வீட்டிலும் அடுப்பு மூட்டியிருந்த நேரம். நல்ல மூடுபனி. நடுக் காம்பராவின் புகைக்கூட்டிலிருந்து மேட்டில் லொறி ஏறுவது போல ஓர் இரைச்சல் கேட்டது. வெளியே ஓடி வந்து பார்த்தால் புகைக்கூட்டின் வாயில் நெருப்பு நாக்கு நிற்கிறது, பொறி கூரை மேல் கொட்டுகிறது. உள்ளே அடுப்புக்கு மேலே பரணில் மிலாறு அடுக்கி வைத்திருந்தது. என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பதற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் ஊற்றினோம். அடுப்பு வெடித்துப் பிளந்தது. எழுந்த ஆவியில் அந்த வீட்டு அம்மாவின் கை வெந்தது. பையன்கள் ஈரச் சாக்கோடு கூரையில் ஏறி அடித்தார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் அடங்கியது.

நட்டம் என்று பார்த்தால் ஓர் அடுப்பு, இரண்டு கைமரம், ஒரு பிள்ளையின் புத்தகப் பை. வெந்த கை ஆற ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் அவருக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் எங்கள் லயத்தில் பத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை. காற்று கொஞ்சம் வேறு பக்கம் அடித்திருந்தால் பத்துக் குடும்பமும் அன்று இரவு கோவில் மண்டபத்தில்தான் படுத்திருக்கும். லயத்தில் ஒரு வீட்டு அடுப்பு அந்த ஒரு வீட்டோடு நிற்பதில்லை. அன்றே அதைப் புரிந்துகொண்டோம்.

அடுத்த நாள் காலை, நெருப்பில்லாத நேரம் பார்த்து, பத்து வீட்டுப் புகைக்கூட்டுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்தோம். எட்டில் விரல் மொத்தத்துக்குக் கரி படிந்திருந்தது. அதை எப்போது துடைத்தீர்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. தேயிலைச் செடிக்கு எப்போது கவ்வாத்து, எப்போது உரம் என்று நாள் கணக்கோடு சொல்கிற நமக்கு, தினம் மூன்று வேளை சோறு போடுகிற அடுப்பைப் பற்றி ஒரு கணக்கும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் லயத்தில் சில வேலைகளை ஒழுங்காகச் செய்து வருகிறோம். அதில் பாதி நம் கையாலேயே செய்யக்கூடியது. மறுபாதியை ஒன்றாக நின்று நிர்வாகத்திடம் கேட்டு வாங்க வேண்டும். இரண்டையும் சொல்கிறோம்.

முதலில் ஒரு கேள்வி வரும். "கேஸ் அடுப்பு வந்துவிட்ட காலத்தில் விறகு அடுப்பு எதற்கு?" 2022ஆம் ஆண்டை மறந்துவிடாதீர்கள். அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது. நம்முடைய நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். ஒரு சிலிண்டருக்கு ஐந்து நாள் கொழுந்து எடுக்க வேண்டும். அந்தக் காசு கையில் இருந்தாலும் வரிசையில் நின்றவர்களுக்குச் சிலிண்டர் கிடைக்கவில்லை. கேஸ் வாங்கியிருந்த வீடுகளும் அன்று விறகு அடுப்புக்குத்தான் திரும்பின. ஆகவே விறகு அடுப்பு இன்னும் பல வருடம் நம் வீட்டில் இருக்கத்தான் போகிறது. இருக்கும் வரைக்கும் அது நம்மைத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தின்னும் என்று சொல்வது பேச்சுக்காக இல்லை. வீட்டுக்குள் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் எரிப்பதால் வரும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். இந்தப் புகையில் வளரும் சின்னப் பிள்ளைக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பெரியவர்களுக்குத் தீராத இருமல், மூச்சிரைப்பு, இருதய நோய், கண்ணில் வெண்படலம். கர்ப்பிணித் தாய் இந்தப் புகையைக் குடித்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம். "எங்க அம்மாவுக்கும் இருமல், அம்மாயிக்கும் இருமல், அது குளிர் நாட்டு இருமல்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். குளிர் ஒரு காரணமாக இருக்கலாம். நாற்பது வருடம் குனிந்து ஊதிய ஊதாங்குழல் இன்னொரு காரணம்.

இனி வேலைக்கு வருவோம். புகை எங்கே ஆரம்பிக்கிறது? விறகில்.

பச்சை மரத்தின் நிறையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பத்துக் கிலோ பச்சை விறகை மலையிலிருந்து சுமந்து வந்தால் அதில் நாலைந்து லீட்டர் தண்ணீரையும் சேர்த்துத்தான் முதுகில் சுமக்கிறோம். அதை அடுப்பில் வைத்தால் முதல் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். சோறு வேகப் பிந்தும், அடுப்பு சூடேறாது, எரியாத புகை மேலே போய் புகைக்கூட்டில் பிசினாக ஒட்டும். அந்தப் பிசின்தான் எங்கள் லயத்தில் பற்றி எரிந்தது. காய்ந்த விறகு என்றால் வேலையும் குறைவு, புகையும் குறைவு, கரியும் குறைவு.

விறகு காய்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது "டங்" என்று ஒலிக்கும், ஈரமானது "தொப்" என்று அடங்கும். வெட்டு முகத்தில் வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை தானாகக் கழன்று வரும். கையில் தூக்கினால் அளவுக்கு நிறை இருக்காது. அடுப்பில் வைத்த கட்டையின் மறுமுனையில் நுரை தள்ளினால் அது இன்னும் காயவில்லை.

காய வைக்கும் விதம் இதுதான். சவுக்கு, டர்பன்டைன் போன்ற பெரிய கட்டைகளை முழுசாக அடுக்காதீர்கள். முதலில் பிளக்க வேண்டும். பிளந்த விறகு வேகமாகக் காயும். நம்முடைய மூடுபனி நாட்டில் பிளந்த கட்டைக்கே ஆறு மாதம் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிலாறு மெல்லியது, வெயில் கிடைத்தால் சில வாரத்தில் காய்ந்துவிடும். தரையில் போடாமல் நாலு கல்லோ இரண்டு கட்டையோ வைத்து அதன் மேல் அடுக்குங்கள். மழை விழாமல் மேலே மட்டும் தகரத்தால் மூடுங்கள். பக்கங்களைத் திறந்து விட வேண்டும். நாலு பக்கமும் பொலித்தீனால் சுற்றிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கம் இறப்பர் தோட்டங்களில் இருக்கிற நம் ஆட்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறப்பர் விறகு சீக்கிரம் உளுத்துப் போகும். அதைப் பிளந்து, காற்றுப்பட வைத்து, காய்ந்தவுடன் எரித்து முடிப்பது நல்லது.

பரண் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே பரண் கட்டி விறகு காய வைப்பது நம் பாட்டன் காலத்துப் பழக்கம். மழைக்காலத்தில் வேறு வழியில்லை என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் லயத்தில் கூரை வரை நெருப்பு ஏறப் பார்த்தது அந்தப் பரண் வழியாகத்தான். இப்போது நாங்கள் அடுத்த நாளைக்குத் தேவையான விறகை மட்டும் உள்ளே வைக்கிறோம், அதுவும் அடுப்பிலிருந்து ஒரு பாகம் தள்ளிச் சுவரோரமாக. மிச்சம் எல்லாம் வெளியே கொட்டிலில்.

அடுப்பில் எதை வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். பொலித்தீன், பழைய செருப்பு, டயர்த் துண்டு, பெயின்ட் அடித்த பலகை, மருந்தடிக்கிற போத்தல், உரப்பை இவற்றை வைத்து நெருப்பு மூட்டாதீர்கள். அந்தப் புகை நஞ்சு. சோற்றுப் பானையைச் சுற்றித்தான் அது போகிறது. நெருப்பு மங்கினால் மண்ணெண்ணெயைப் போத்தலிலிருந்து ஊற்றவே கூடாது. நெருப்பு போத்தலுக்கே ஏறி வரும். நன்றாகக் காய்ந்த மிலாறு ஒரு பிடி, சவுக்குச் சருகு ஒரு பிடி இருந்தால் ஒரே தீக்குச்சியில் பற்றும்.

அடுத்தது அடுப்பு. நம் வீடுகளில் மூன்று கல் அடுப்பும் இருக்கிறது, மண் அடுப்பும் இருக்கிறது, அனகி அடுப்பும் இருக்கிறது. அனகி என்றால் சிங்களத்தில் அருமையானது என்று அர்த்தம். 1980களில் நம் நாட்டிலேயே உருவாக்கிய சுட்ட மண் அடுப்பு அது. ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பானை வேகும். முறையாகப் பாவித்தால் மூன்று கல் அடுப்பை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விறகு மிச்சம். முறையாக என்றால் என்ன? அதை வாங்கி வந்து அப்படியே தரையில் வைத்து எரிக்கக் கூடாது. சுற்றிலும் மண் பூசி மூட வேண்டும். பூசாவிட்டால் சூடு வெளியே போகும், பானை தட்டி அடுப்பும் சீக்கிரம் உடையும். இரண்டாவது பானை இல்லாத நேரம் அந்த ஓட்டையைத் திறந்து விடாதீர்கள். ஒரு கேத்தல் தண்ணீராவது வையுங்கள். குளிக்கவோ தேத்தண்ணிக்கோ உதவும். அனகிக்குத் தனியாகப் புகைக்கூடு கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. விறகு குறையும், ஆனால் வருகிற புகை வெளியே போக வழி வேண்டும்.

எந்த அடுப்பானாலும் வாயை அடைத்து விறகு திணிக்காதீர்கள். மணிக்கட்டு மொத்தத்துக்கு மேற்படாத இரண்டு மூன்று கட்டை போதும். வாயில் பாதி விறகுக்கு, பாதி காற்றுக்கு. காற்று போகிற இடத்தில் சாம்பலும் நிறைந்து கிடந்தால் நெருப்பு எரியாமல் புகையும். நாம் ஊதாங்குழலை எடுத்துக் குனிந்து ஊத ஆரம்பிப்போம். ஊத வேண்டி வந்தாலே ஏதோ ஒன்று சரியில்லை என்று அர்த்தம். விறகு ஈரமாக இருக்கும், அல்லது சாம்பல் நிறைந்திருக்கும், அல்லது புகைக்கூடு அடைத்திருக்கும்.

வாரத்தில் ஒரு நாள் அடுப்பைத் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் உடனே பூச வேண்டும். நாங்கள் பாவிக்கும் கலவை இது: ஒட்டும் களிமண் அல்லது புற்றுமண் இரண்டு பங்கு, சலித்த சாம்பல் ஒரு பங்கு, ஒரு கை சாணம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு ரொட்டி மாப் பதத்துக்குப் பிசைய வேண்டும். வெடிப்பை முதலில் சுரண்டி, தண்ணீர் தெளித்து, பிறகு அழுத்திப் பூசுங்கள். காய்ந்த மண் மேல் காய்ந்த மண் ஒட்டாது. பூசிய பிறகு இரண்டு மூன்று நாள் மெதுவாகக் காயட்டும். முதல் நெருப்பு சின்ன நெருப்பாக இருக்கட்டும். சிலர் ஒரேயடியாக முடியட்டும் என்று சிமெந்து பூசுகிறார்கள். சிமெந்து நெருப்பின் சூட்டைத் தாங்காது. கொஞ்ச நாளில் வெடித்துப் பொரிந்து விழும். மண் அடுப்புக்கு மண்தான் மருந்து.

இனிப் புகைக்கூடு. மழைக்காலத்தில் மாதம் ஒரு தரம், மற்ற நாளில் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் துடைக்க வேண்டும். முதல் நாள் இரவே நெருப்பை முழுசாக அணைத்து, காலையில் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு நீள மூங்கில் நுனியில் மிலாறு ஒரு கட்டு வைத்து, அதன் மேல் சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டினால் அதுவே துடைப்பம். கீழிருந்து மேலே விட்டு இழுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணில் கரி விழாமல் தலையைத் தள்ளி நில்லுங்கள். சமையல் சாமானையும் தண்ணீர்க் குடத்தையும் வெளியே எடுத்து வையுங்கள். ஈரத் தகரத்தில் ஏறி மேலிருந்து துடைக்க வேண்டாம். கூரையில் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் வெயில் நாளில், ஏணியைப் பிடிக்க ஓர் ஆளோடு.

துடைக்கும்போதே மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, குழாய் கூரையைத் துளைத்துப் போகும் இடம். அங்கே கைமரமோ பலகையோ குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு நாள் பற்றும். இரண்டு, குழாயின் மூட்டு. துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் பொறி கூரைக்குள்ளேயே விழும். மூன்று, குழாயின் உச்சி. அது கூரை முகட்டை விடத் தாழ்வாக இருந்தால் காற்றடிக்கும்போது புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே வரும். முகட்டுக்கு மேலே இரண்டு அடியாவது உயர வேண்டும், மழை விழாமல் ஒரு தகரத் தொப்பியும் வேண்டும். கூரை அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் நீங்களாக வெட்டவோ துளைக்கவோ போகாதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. அதற்கு நிர்வாகம் தெரிந்த ஆளை அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் செய்தும் புகைக்கூடு பற்றிவிட்டால்? எங்கள் தவறை நீங்கள் செய்யாதீர்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். முதலில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் வெளியே அனுப்புங்கள். சத்தம் போட்டுப் பக்கத்துக் காம்பராக்களை எழுப்புங்கள். அடுப்பு நெருப்பின் மேல் மண்ணோ சாம்பலோ போட்டு அமுக்கி, அடுப்பு வாயைத் தகரத்தால் மூடுங்கள். கீழிருந்து காற்றுப் போகாவிட்டால் மேலே நெருப்பு அடங்கும். பரணில் உள்ளதை இழுத்து வெளியே போடுங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். கூரையை வெளியிலிருந்து நனைப்பது நல்லது. ஆனால் கை மீறுகிறது என்று தெரிந்தால் சாமானுக்காக உள்ளே போகாதீர்கள். தீயணைப்புக்கு 110, அம்பியுலன்சுக்கு 1990. இந்த இரண்டு இலக்கத்தையும் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி வையுங்கள். நம் தோட்டப் பாதையில் வண்டி வந்து சேர நேரம் எடுக்கும், அதனால் அழைப்பதைப் பிந்தப் போடாதீர்கள். நெருப்புச் சுட்ட இடத்தில் பற்பசை, நெய், தேயிலைத் தூள் எதுவும் பூச வேண்டாம். சுத்தமான குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் ஓட விட்டு, பிறகு வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

சாம்பலைப் பற்றி இரண்டு வார்த்தை. அணைந்தது போலத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு அடுத்த நாள் வரைக்கும் உயிரோடு கிடக்கும். அதை உரப்பையிலோ காட்போட் பெட்டியிலோ அள்ளி விறகுக் கொட்டில் ஓரமாக வைக்காதீர்கள். மூடியுள்ள ஒரு தகர டின்னில் போட்டு வெளியே வையுங்கள். ஆறிய சாம்பலைக் கோவாவுக்கும் லீக்சுக்கும் அளவாகப் போடலாம். உருளைக்கிழங்குக்கு வேண்டாம், சொறி விழும். தேயிலைச் செடிக்கும் வேண்டாம். தேயிலை புளிப்பு மண்ணில் வளரும் செடி, சாம்பல் அந்தப் புளிப்பை முறித்துவிடும்.

குளிர் இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் பக்கம் குளிர் தாங்க முடியாமல் கங்கை ஒரு சட்டியில் அள்ளிப் படுக்கும் காம்பராவில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இதை இன்றோடு நிறுத்துங்கள். புகை வராத கங்கிலிருந்தும் காபனோரொட்சைட்டு என்ற விஷவாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை வலிக்கும், கிறுகிறுக்கும், வாந்தி வரும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது, எழும்ப மாட்டார். பிள்ளைக்கு இன்னொரு கம்பளி போடுங்கள், வெந்நீர் போத்தலைத் துணியில் சுற்றிக் காலடியில் வையுங்கள். கங்குச் சட்டி வேண்டாம்.

இவ்வளவு வேலையையும் கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார் மனதில் என்ன ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியும். "விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மலையேறி, கொழுந்து நிறுத்து, திரும்பி வந்து மறுபடி அடுப்பு. இதில் புகைக்கூடு துடைக்கவும் நாங்கள்தானா?" நியாயமான கேள்வி. எங்கள் லயத்தில் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறோம். விறகு பிளப்பதும் புகைக்கூடு துடைப்பதும் ஆண்கள் பொறுப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் பத்து வீட்டையும் நாலு இளைஞர்கள் சேர்ந்து துடைக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டை முதலில் செய்கிறார்கள். முதல் மாதம் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்தார்கள். இப்போது கூப்பிடாமலே மூங்கிலை எடுக்கிறார்கள். சோறு எல்லாரும்தானே சாப்பிடுகிறோம்.

இதுவரை சொன்னது நம் கையில் உள்ள பாதி. மறுபாதி நம் கையில் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லயத்தில், ஜன்னல் இல்லாத குசினியில், குழாயே இல்லாத அடுப்பில் எவ்வளவு காய்ந்த விறகு வைத்தாலும் புகை எங்கே போகும்? லயத்தின் கூரையும் சுவரும் புகைக்கூடும் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. அதைப் பழுது பார்ப்பது நிர்வாகத்தின் கடமை. தகரக் குழாய்க்கும் தொப்பிக்கும் நாம் சீட்டுக் காசு எடுக்க வேண்டியதில்லை. விறகும் அப்படித்தான். கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு எடுக்கவும், நிழல் மரம் வெட்டும்போது பங்கு கேட்கவும் நமக்கு நீண்ட கால வழக்கம் இருக்கிறது. பெரிய கட்டையை லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, சுள்ளி பொறுக்கப் போன பெண்ணிடம் காவல்காரரை விட்டு விறகுக் கட்டை இறக்கச் சொல்லும் தோட்டங்கள் பற்றி நமக்கு முறைப்பாடு வருகிறது. அதைத் தனியாக நின்று வாதாடி ஜெயிக்க முடியாது.

எங்கள் லயத்தில் நெருப்புப் பிடித்த மறுநாள், புகைக்கூடு திருத்த வேண்டும் என்று அந்த வீட்டுக்காரர் தனியாக ஒபிசுக்குப் போனார். "பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு தலைவரும் தலைவியும் பத்துக் காம்பராவின் கணக்கையும் எடுத்தார்கள். எதில் குழாய் இல்லை, எதில் ஓட்டை, எதில் கைமரம் கருகியிருக்கிறது என்று இலக்கம் போட்டு எழுதி, பத்து வீட்டுக் கையெழுத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் வாங்கினார்கள். பிரதியைப் பொது சுகாதார பரிசோதகருக்கும் அனுப்பினோம். ஏழு வாரத்தில் ஆறு குழாய் வந்தது. நாலு இன்னும் வரவில்லை. அந்த நாலுக்கும் மாதா மாதம் நினைவூட்டல் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது. "பார்ப்போம்" என்ற வார்த்தைக்கும் ஆறு குழாய்க்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு பட்டியல்தான்.

புது வீடு கிடைத்தவர்களும், கிடைக்கக் காத்திருப்பவர்களும் இதைக் கவனியுங்கள். வீடு புதியது என்பதால் புகை தானாகப் போய்விடாது. அத்திவாரம் போடும்போதே குசினிக்கு ஜன்னல் எங்கே, புகைக்கூடு எங்கே, விறகுக் கொட்டில் எங்கே என்று கேளுங்கள். கட்டி முடித்த பிறகு கூரையைத் துளைப்பது இரட்டிப்புச் செலவு.

ஆகவே இந்தக் கூட்டத்திலிருந்து போகும்போது மூன்று வேலையை எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று, இன்று மாலை அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் டோர்ச் அடித்து உங்கள் புகைக்கூட்டுக்குள் பாருங்கள், பரணில் உள்ளதைக் கீழே இறக்குங்கள். இரண்டு, வருகிற முதல் ஞாயிறு உங்கள் லயத்தில் எல்லாப் புகைக்கூட்டையும் சேர்ந்து துடையுங்கள். வாசலில் நிற்கும் தம்பிமாரே, இது உங்களுக்குத்தான். மூன்று, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தலைவரும் தலைவியும் தங்கள் தோட்டத்தின் பட்டியலைக் கொண்டு வாருங்கள். லயத்தின் இலக்கம், காம்பரா இலக்கம், குழாய் உண்டா இல்லையா, ஜன்னல் உண்டா இல்லையா. இவ்வளவு எழுதினால் போதும். எல்லாத் தோட்டத்துப் பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்து நிர்வாகத்துடன் பேசும் மேசையில் வைப்போம்.

கை வெந்த அந்த அம்மா இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார். உரையில் தன்னைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டபோது, "சொல்லுங்க, இன்னொருத்தி கையில தண்ணி வாளியத் தூக்காம இருக்கட்டும்" என்றார். அவருக்கு நன்றி சொல்லி முடித்துக்கொள்கிறோம்.